அத்தியாயம் 5: ஸ்டியரிங் நடுவிலா, பக்கத்திலா?

படகுக் கடையில் நம் கண் முதலில் ஸ்டியரிங்கில்தான் போய் நிற்கும். ஏறி இருந்து, வளையத்தைப் பிடித்து, திராட்டிலை முன்னே தள்ளிப் பார்ப்போம். விற்பவரும் அதையே காட்டுவார். ஆனால் மீன்பிடிப் படகு நாளின் பெரும்பகுதி ஓடுவதில்லை. காலை ஆறு மணிக்கு இறக்கிப் பின்னேரம் இரண்டு மணிக்கு ஏற்றினால், அந்த எட்டு மணிநேரத்தில் ஓட்டம் ஒன்றரை மணிநேரத்தைத் தாண்டுவது அரிது. மிச்ச நேரமெல்லாம் நங்கூரத்தில் கிடப்போம், காற்றோடு மிதப்போம், அல்லது அணியத்தில் பூட்டிய மின்மோட்டரால் மெல்ல மெல்ல நகர்வோம். அதனால் கொன்சோலை, அதாவது ஸ்டியரிங் பூட்டிய மேடையை, எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை தேட ஓட்டுநர் இருக்கையை விட்டு எழும்ப வேண்டும். மீன் கொத்திய பிறகு நீங்களும் கூட வந்தவரும் எங்கே நிற்பீர்கள், எந்த வழியால் நடப்பீர்கள் என்று பார்க்க வேண்டும்.

இந்த அத்தியாயம் ஒன்ராறியோவில் நம்மவர்கள் அதிகம் வாங்கும் படகைப் பற்றியது: 14 முதல் 18 அடி வரையான அலுமினியப் படகு, 20 முதல் 90 குதிரைவலு வரையான அவுட்போர்ட் மோட்டர், காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் ட்ரெயிலர். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 16 அடியும் அதற்குக் குறைவும் என்றால் சைட் கொன்சோல் வாங்குங்கள், இல்லையேல் கொன்சோலே இல்லாத ரில்லர் படகை வாங்குங்கள். சென்ரர் கொன்சோல் நல்ல அமைப்புத்தான், ஆனால் அதற்கு அகலம் வேண்டும். அந்த அகலம் இந்த அளவுப் படகுகளில் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

தரையை அளந்து பாருங்கள்

விற்பனைத்தாளில் அகலம் என்று போட்டிருப்பது படகின் வெளிவிளிம்பிலிருந்து மறு வெளிவிளிம்பு வரையான அளவு. 16 அடிப் படகில் அது 72 முதல் 78 அங்குலம், அதாவது ஏறக்குறைய 183 முதல் 198 சென்ரிமீற்றர் வரை இருக்கும். நீங்கள் அந்த அகலத்தில் நிற்கப் போவதில்லை. பக்கச் சுவர் கீழே போகப் போக உள்ளே சரியும். இரு பக்கமும் தூண்டில்தடி வைக்கும் பெட்டிகளும் விளிம்புத் தட்டுகளும் இடம் பிடிக்கும். கால் வைக்கும் தரை 120 முதல் 140 சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும்.

தரை 130 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். சிறிய சென்ரர் கொன்சோலின் அகலம் 60 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும். நடுவில் வைத்தால் இரு பக்கமும் 35 சென்ரிமீற்றர் மிஞ்சும். வெறும் உடம்போடு பக்கவாட்டில் திரும்பினால் அதற்குள்ளால் நழுவிப் போகலாம். குளிர் ஜக்கெற்றும் லைஃப் ஜக்கெற்றும் போட்டு, ஒரு கையில் தடியோடு, படகு ஆடிக்கொண்டிருக்கும்போது போக முடியாது. போக முயன்றால் இடுப்பு கொன்சோலில் இடிபடும், முழங்கால் விளிம்பில் இடிபடும், உடம்பு தண்ணீர்ப் பக்கம் சாயும். அதே கொன்சோலை வலப்பக்கச் சுவரோடு ஒட்டி வைத்தால் இடப்பக்கத்தில் 70 சென்ரிமீற்றர் வழி திறக்கும். நிமிர்ந்து, முன்நோக்கி, இயல்பாக நடக்கலாம்.

சென்ரர் கொன்சோலின் முழுப் பெருமையும் படகைச் சுற்றி வரலாம் என்பதில்தான் இருக்கிறது. அந்தச் சுற்று கிடைக்காவிட்டால் இரண்டு பயனற்ற இடுக்குகளும் நடுவில் ஒரு தடையும் மட்டுமே மிஞ்சும். ஒரு பக்கத்துக்குக் குறைந்தது 45 சென்ரிமீற்றர் வேண்டும் என்பது என் கணக்கு. இரு பக்கமும் 90, கொன்சோல் 60, ஆகத் தரை 150 சென்ரிமீற்றர். அதற்குக் குறைந்த தரையில் நடுக் கொன்சோலை யார் எவ்வளவு புகழ்ந்தாலும் கேட்காதீர்கள். அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் சென்ரர் கொன்சோல் கொடிகட்டிப் பறக்கிறது என்றால், அங்கே ஓடும் படகுகள் பல எட்டடி அகலமானவை. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே ஆறடி அகலப் படகில் அதே அமைப்பைத் தேடும் ஆட்களை அடிக்கடி சந்திக்கிறேன்.

கடைக்குப் போகும்போது ஓர் அளவுநாடாவும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் கொண்டு போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆயிரக்கணக்கான டொலர் கொடுக்கப் போவது நீங்கள். ரில்லர் படகிலோ கொன்சோல் பூட்டாத வெற்றுப் படகிலோ பெட்டியை நடுவில் வைத்துப் பாருங்கள், பிறகு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன கனத்த ஜக்கெற்றையும் லைஃப் ஜக்கெற்றையும் போட்டுக்கொண்டு பாருங்கள், ஜூலை மாதச் சட்டையோடு பார்க்காதீர்கள். கூட வந்தவரை பின்பக்கம் நிறுத்தி, நீங்கள் முன்னிருந்து அத்தாங்கைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போங்கள். பெரிய வோல்ஐ மீன் விழுந்தால் நடக்கப் போவது இதுதான்: மீன் படகுக்கு அடியால் ஓடி மோட்டர்ப் பக்கம் சுற்றும். பிடித்தவர் தடியை உயர்த்திக்கொண்டு பின்னுக்கு ஓடுவார், மற்றவர் ஒன்றரை மீற்றர்க் காம்புள்ள அத்தாங்கோடு அவரைத் தாண்டி முந்த வேண்டும். அந்தப் பத்து விநாடிக்கு எந்த அமைப்பு இடம் விடுகிறதோ அதுவே உங்களுக்கு ஏற்றது.

முன்னால் மின்மோட்டர் பூட்டி, அணியத்துத் தட்டில் நின்று எறிந்து பிடிப்பவர்களுக்கு இன்னுமொரு காரணம் உண்டு. நடுக் கொன்சோல் படகை முன்னறை பின்னறை என்று இரண்டாகப் பிரித்துவிடும். அதன்மேல் நிறுத்தி வைத்த தடிகளும் கண்ணாடியும் திரையும் பின்வீச்சில் தூண்டில் முள்ளைப் பிடித்துக்கொள்ளும். சைட் கொன்சோலிலும் இது நடக்கும், ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும். எந்தப் பக்கம் என்று தெரிந்தால் கை தானாகவே பழகிவிடும்.

பாரம் எங்கே போகிறது

சைட் கொன்சோலின் பலவீனம் சாய்வு. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஓட்டுபவர் 80 கிலோ, கொன்சோலும் ஸ்டியரிங்கும் 20 கிலோ, ஆக 100 கிலோ படகின் நடுக்கோட்டிலிருந்து 45 சென்ரிமீற்றர் வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. தனியே போனால் படகு வலப்பக்கம் சாய்ந்துதான் ஓடும். சாய்ந்த படகின் அடி அலையைச் சரியாக வெட்டாது, தட்டையான பக்கத்தால் அறையும். முதுகுக்கு அது தெரியும்.

ஆனால் இந்தப் பலவீனத்தைச் சாமான் வைக்கும் இடத்தால் பெரிதும் சரிசெய்யலாம். மேலே சொன்ன 100 கிலோவையும் 45 சென்ரிமீற்றரையும் பெருக்கினால் 4,500 வருகிறது. இதை இடப்பக்கத்தில் ஈடுகட்ட வேண்டும். மின்மோட்டருக்கான பெரிய பற்றரி ஒன்று ஏறக்குறைய 25 கிலோ. இடப்பக்கத்தில் 60 சென்ரிமீற்றர் தள்ளி வைத்தால் 1,500. 25 லீற்றர் பெற்றோல் தொட்டி நிரம்பியிருந்தால் 20 கிலோ, அதே தூரத்தில் 1,200. ஐஸும் சாப்பாடும் நிறைத்த பெட்டி 20 கிலோ, இன்னுமொரு 1,200. மூன்றும் சேர்ந்து 3,900. மிச்சத்தை நங்கூரமும் கயிறும் பார்த்துக்கொள்ளும். 24 வோல்ட் மின்மோட்டருக்கு இரண்டு பற்றரி வேண்டும், அப்போது வேலை இன்னும் சுலபம். பெற்றோல் தீரத் தீரப் பாரம் குறையும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஒரு லீற்றர் போனால் முக்கால் கிலோ போய்விட்டது.

கூட ஒருவர் வந்து இடப்பக்க இருக்கையில் இருந்தால் பாரம் ஏறக்குறையத் தானாகவே சமனாகிவிடும். பெற்றோலையும் பற்றரியையும் நடுக்கோட்டுக்குத் தள்ளினால் போதும். அதனால் சாமான்களை இடம் மாற்றக்கூடிய படகாகப் பாருங்கள். பெற்றோல் தொட்டியும் பற்றரிப் பெட்டியும் வலப்பக்கத்தில், கொன்சோலுக்கு அடியிலேயே நிரந்தரமாகப் பூட்டிய சைட் கொன்சோல் படகுகளும் விற்பனைக்கு இருக்கின்றன. பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், வயர் நீளமும் மிச்சம். தனியே மீன்பிடிக்கப் போகிறவர் அப்படிப்பட்ட படகைத் தொடவே வேண்டாம்.

ஓட்டுபவரை ஏன் பெரும்பாலும் வலப்பக்கம் வைக்கிறார்கள் என்று கேட்பார்கள். காரணங்கள் இரண்டு. சாதாரண அவுட்போர்ட்டின் விசிறி, பின்னாலிருந்து பார்க்க, மணிக்கூட்டு முள் போகும் திசையில் சுற்றும். அதன் எதிர்விசை படகை இடப்பக்கம் அமுக்கப் பார்க்கும். வலப்பக்கத்தில் இருக்கும் ஆளின் பாரம் அதற்கு எதிராக வேலை செய்யும். அடுத்தது, நீர்வழி விதிப்படி இரண்டு மோட்டர்ப் படகுகள் குறுக்காகச் சந்தித்தால், மற்றப் படகு யாருடைய வலப்பக்கத்தில் வருகிறதோ அவர்தான் வழிவிட வேண்டும். வலப்பக்கத்தில் இருப்பவருக்கு அந்தப் பக்கம் மறைவில்லாமல் தெரியும்.

இதன் விலையை இறங்குதுறையில் கொடுப்பீர்கள். அதே விசிறியைப் பின்னோக்கிச் சுழலவிட்டால் படகின் பின்பக்கம் இடப்பக்கமாக இழுபடும். எனவே துறையின் மேடையை இடப்பக்கத்தில் வைத்து, சரிவாக வந்து, கடைசியில் பின்கியர் போட்டால் படகு தானே ஒட்டிக்கொள்ளும். ஆனால் வலப்பக்கம் இருக்கும் உங்களுக்கு இடப்பக்க விளிம்பு தெரியாது. எழுந்து நின்று ஓட்டினால் இது பாதி தீரும். ஆகவே சைட் கொன்சோல் பார்க்கும்போது இருந்து பார்த்தால் மட்டும் போதாது. நின்றபடியே ஸ்டியரிங்கும் திராட்டிலும் கைக்கு எட்டுகின்றனவா, முழங்கால் எதிலும் முட்டுகிறதா என்றும் பாருங்கள். நின்று ஓட்டுவதில் சென்ரர் கொன்சோலை எதுவும் மிஞ்சாது. கால் அகட்டி நின்று, முழங்காலால் அலையை வாங்கி, இரு பக்கமும் ஒரே மாதிரிப் பார்க்கலாம். அகலமான படகு வைத்திருப்பவர் அதை விரும்புவதற்கு இதுவே போதுமான காரணம்.

முன்பின் பாரத்துக்கும் இதில் பங்குண்டு. 40 குதிரைவலு நாலு ஸ்ட்ரோக் மோட்டர் ஏறக்குறைய 100 கிலோ. அதோடு ஓட்டுபவரும் பெற்றோலும் பின்னுக்கே இருந்தால், வேகமெடுக்கும்போது அணியம் வானத்தைப் பார்க்கும், முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. கொன்சோல் எந்தப் பக்கம் இருந்தாலும் ஓட்டுபவரை முன்னுக்குக் கொண்டுவருவதால் இந்தக் குறை பெருமளவு தீரும். அதற்காக மிக முன்னுக்கும் கொண்டுவரக் கூடாது. அலையில் அதிகம் துள்ளுவது அணியம், குறைவாக அசைவது பின்னிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தை அண்டிய இடம். ஓட்டுபவரின் இருக்கை படகின் நடுவைத் தாண்டி முன்னால் போனால் முதுகெலும்பு கணக்குக் கேட்கும். சென்ரர் கொன்சோலுக்கு முன்னால் ஒட்டிவரும் சிறு இருக்கையில் வயதானவர்களை இருத்தாதீர்கள். படகு நிற்கும்போது அது நல்ல இடம், அலையில் ஓடும்போது படகிலேயே கெட்ட இடம்.

குளிர்

மற்ற நாட்டு ஆலோசனைகளை அப்படியே எடுத்தால் ஒன்ராறியோவில் அடிபடும் இடம் இது. காற்றின் வெப்பநிலை 5 பாகை, படகு மணிக்கு 40 கிலோமீற்றரில் போகிறது, வேறு காற்றே இல்லை என்றாலும் கனடாவின் காற்றுக்குளிர் கணக்கில் அது உறைநிலைக்குக் கீழே, ஏறக்குறைய -1 பாகையாக உடம்பில் படும். ஏப்ரல் கடைசியிலும் ஒக்டோபரிலும் விடியற்காலை இப்படித்தான் இருக்கும். தண்ணீர் தெறித்து முகமும் கையும் நனைந்தால் இன்னும் மோசம். விரல் விறைத்தால் முடிச்சுப் போட முடியாது, கொக்கி கழற்ற முடியாது. நாளே போய்விடும்.

சென்ரர் கொன்சோலின் கண்ணாடி நிற்கும் ஓட்டுநரின் நெஞ்சுக்கு மட்டும் மறைவு தரும், கூட வந்தவர் முழுக் காற்றையும் வாங்குவார். சைட் கொன்சோலில் ஓட்டுபவர் தாழ்ந்து இருந்தால் ஓரளவு தப்பலாம், பக்கத்தில் இருப்பவருக்கு அங்கேயும் மறைவில்லை. இருவருக்கும் மறைவு வேண்டுமென்றால் முழுக் கண்ணாடி வைத்த இரட்டைக் கொன்சோல் படகுதான் வழி. வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒவ்வொரு கொன்சோல், நடுவில் கதவு போல் திறக்கும் கண்ணாடி. ஒன்ராறியோ ஏரிகளில் இந்த வகை நிறைய ஓடுவதற்குக் குளிரே காரணம். இதன் குறை இடம். கண்ணாடி படகைக் குறுக்கே வெட்டிவிடும், பாரமும் விலையும் கூடும், 16 அடியில் தரை சுருங்கித் தெரியும். மனைவி, பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த அம்மா அப்பா என்று குடும்பத்தோடு போகும் நாட்கள் அதிகமென்றால் 17 அடிக்குக் குறையாமல் இதைப் பாருங்கள். நண்பர் ஒருவரோடு மட்டும் போகிறவருக்கு சைட் கொன்சோலும் நல்ல ஜக்கெற்றும் போதும். அந்தக் காசுக்கு நல்ல மின்மோட்டர் வாங்கலாம்.

குடும்பத்தை ஏற்றுகிறவர்கள் படகில் ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள். ஆறு மீற்றருக்கு உட்பட்ட படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு பாரம், எவ்வளவு குதிரைவலு என்று அதில் இருக்கும். மொத்தப் பாரம் என்று போட்டிருப்பதில் ஆட்கள் மட்டுமன்றி மோட்டர், ஸ்டியரிங் அமைப்பு, பெற்றோல் தொட்டி, சாமான் எல்லாம் அடங்கும். கொன்சோலும் பற்றரிகளும் கூடக் கூட ஆளுக்கான பங்கு குறையும்.

எந்தத் தண்ணீருக்குப் போகிறீர்கள்

சிம்கோ ஏரி 722 சதுர கிலோமீற்றர். பார்க்க அமைதியாக இருக்கும். வடமேற்குக் காற்று எழும்பினால் நீண்ட திறந்த வெளியைக் கடந்து வந்து ஜாக்சன்ஸ் பொயின்ற் பக்கக் கரையில் குட்டையான, செங்குத்தான அலையாகக் கட்டும். யாழ்ப்பாணக் கடலில் பழகியவர்களுக்கும் இந்த அலை புதிது. கடல் அலையில் ஏறி இறங்க இடைவெளி இருக்கும், இங்கே ஓர் அலை முடிய முன்னமே அடுத்தது அணியத்தில் அறையும். அந்த ஏரியிலேயே தெற்கில் உள்ள குக்ஸ் பே ஆழம் குறைந்தது, களை நிறைந்தது. பாஸ் மீனுக்கு அணியத்தில் நின்று எறிகிறவர்களின் இடம் அது. மேற்கில் பாரி நகரத்தை ஒட்டிய கெம்பன்ஃபெல்ட் பே மிக ஆழமானது, 41 மீற்றர் வரை போகும். அங்கே லேக் ட்ரவுட்டுக்குத் தூண்டிலை ஆழத்துக்கு இறக்குவார்கள், இழுத்தும் போவார்கள்.

இந்த மூன்று வேலையையும் ஒரே படகில் செய்ய விரும்புகிறவர்களே நம்மவர்களில் அதிகம். அவர்களுக்கு 16 அல்லது 17 அடி, ஆழமான வீ வடிவ அடி, உயர்ந்த பக்கச்சுவர், கண்ணாடியோடு கூடிய சைட் கொன்சோல் என்பது என் சிபாரிசு. பக்கச்சுவரில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். நிற்கும்போது விளிம்பு முழங்காலுக்கு மேலே வர வேண்டும். கொன்சோல் எங்கே இருந்தாலும், முழங்காலுக்குக் கீழே விளிம்புள்ள படகில் அலையில் நின்று மீன் தூக்குவது ஆபத்து.

பீற்றர்பரோவுக்குத் தெற்கே உள்ள ரைஸ் லேக் வேறு மாதிரி. ஏறக்குறைய 32 கிலோமீற்றர் நீளம், ஆழம் குறைவு, களை அதிகம். 14 அடி ரில்லர் படகே அங்கே தாராளம். கொன்சோலுக்குச் செலவழிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஸ்காபரோவின் பிளஃபர்ஸ் பார்க்கில் இறக்கி ஒன்ராறியோ ஏரியில் சினூக் சால்மனுக்குப் போகிறவர்கள் தனி. பல தடிகளை இரு பக்கமும் விரித்து, டவுன்றிகரால் ஆழத்துக்கு இறக்கி, மணிக்கணக்காக இழுத்துப் போகும் வேலை அது. தடி ஒன்று வளைந்தால் எந்தப் பக்கத்துக்கும் ஓட வேண்டும். இங்கே சென்ரர் கொன்சோலுக்கு உண்மையான நியாயம் இருக்கிறது, படகு 20 அடியைத் தாண்டி அகலமாக இருந்தால். 16 அடிப் படகோடு கரை மங்கும் தூரத்துக்குப் போகாதீர்கள். கொன்சோலை எங்கே வைத்தாலும் அந்த ஏரிக்கு அந்தப் படகு சிறிது.

ரில்லர்

மோட்டரின் கைப்பிடியையே பிடித்து ஓட்டும் ரில்லர் படகை நம்மவர்கள் பலர் மதிப்பதில்லை. ஊரில் மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும் பதினெட்டடி ஃபைபர் படகை அப்படித்தான் ஓட்டினார்கள், கனடா வந்தும் அதே கைப்பிடியா என்ற எண்ணம். இந்த எண்ணத்தை விடுங்கள். இந்த நாட்டின் வடக்கு ஏரிகளில் வோல்ஐ பிடிக்க ஆட்களை அழைத்துப் போகும் தொழில் வழிகாட்டிகள் பலர் இன்றும் ரில்லரையே ஓட்டுகிறார்கள். பின்கியரில் மெல்லப் போய்க்கொண்டே, ஆழத்தின் விளிம்பைப் பின்தொடர்ந்து தூண்டிலை இழுப்பதற்கு அதைவிட நுட்பமான கட்டுப்பாடு வேறில்லை. தரை முழுவதும் திறந்து கிடக்கும். வயர், கேபிள், கண்ணாடி எதுவும் பழுதாகாது. 25 குதிரைவலு வரையான மோட்டரும் 14, 15 அடிப் படகும் என்றால் முதல் படகாக இதையே எடுக்கச் சொல்வேன். தனியே போகும்போது அணியம் தூக்கும், அதற்குப் பற்றரியையும் நங்கூரத்தையும் முன்னுக்கு வையுங்கள். நீண்ட தூரம் ஓடினால் முதுகும் கையும் நோகும், முகத்தில் முழுக் காற்றும் அடிக்கும். 40 குதிரைவலுவைத் தாண்டினால் கொன்சோலுக்குப் போங்கள்.

பழைய படகில் கொன்சோல் பூட்டுவது

பழைய 16 அடி ரில்லர் படகை மலிவாக வாங்கிக் கொன்சோல் போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் முதலில் மோட்டரைப் பாருங்கள். சில மோட்டர்களை ஸ்டியரிங்குக்கும் தூரக் கட்டுப்பாட்டுக்கும் மாற்றத் தனி உதிரிப்பாகத் தொகுதி வேண்டும். அதன் விலையும் கியர்ப் பெட்டி, கேபிள்கள், ஸ்டியரிங் ஆகியவற்றின் விலையும் சேர்ந்து படகின் விலையையே நெருங்கக்கூடும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே கையை வையுங்கள்.

கேபிள் போகும் வழி அடுத்தது. ஸ்டியரிங் கேபிளைக் கூர்மையாக மடிக்கக் கூடாது, வளைவின் ஆரை 20 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் உள்ளே உரசி இறுகும். சைட் கொன்சோலில் கேபிள் பக்கச்சுவரோடு நேரே பின்னுக்குப் போகும், வேலை சுலபம். நடுவில் வைத்தால் தரைக்கு அடியால் கொண்டுபோக வேண்டும். அங்கே தண்ணீர் நிற்கும், பின்னர் பழுது பார்க்கத் தரையையே கழற்ற வேண்டி வரும்.

கொன்சோலைத் தரையில் வெறும் திருகாணியால் பிடிக்காதீர்கள். அலை அடிக்கும்போது ஓட்டுபவர் ஸ்டியரிங்கைப் பிடித்தே தன்னை நிறுத்துவார், அந்த இழுப்பு முழுவதும் கொன்சோலின் அடிக்குப் போகும். பழைய பிளைவூட் தரை பாதி ஊறியிருக்கும், திருகாணி கையோடு வந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டைத் தரையை ஊடறுத்துப் போட்டு, அடியில் அகலமான தகடு வைத்து, நட்டால் இறுக்குங்கள். எஃகும் அலுமினியமும் நேரே தொடும் இடத்தில் நைலோன் வாஷரும் அரிப்பைத் தடுக்கும் பசையும் போடுங்கள், இல்லாவிட்டால் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். தரையை மாற்றுவதென்றால் வேலி, டெக் கட்டும் பச்சை நிறப் பதப்படுத்திய பலகையை வாங்காதீர்கள். அதில் உள்ள செம்பு, ஈரம் பட்டால், அலுமினியத்தைத் தின்றுவிடும். வீட்டில் மிஞ்சிய பலகை இருக்கிறதே என்று அதைப் படகில் போடும் தவறு இங்கே மிகச் சாதாரணம். சில வருடங்களில் படகின் அடியில் ஊசித்துவாரங்கள் தெரியும்.

ஃபிஷ் ஃபைண்டரின் உணரி படகின் பின்னே இருக்கும். அதோடு வரும் கேபிள் பெரும்பாலும் ஆறு மீற்றர். நேர்த்தூரத்தை நம்பாமல், வயர் வளைந்து போகும் பாதையைக் கயிற்றால் அளந்த பிறகு கொன்சோலின் இடத்தை முடிவுசெய்யுங்கள். திரையைப் பூட்ட முன் உங்கள் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றும் இருந்தும் திரையைப் பாருங்கள். போலரைஸ்ட் கண்ணாடியில் சில திரைகள் ஒரு கோணத்தில் முழுக் கறுப்பாகத் தெரியும். அணியத்தில் நின்று பிடிக்கிறவருக்குக் கொன்சோல் திரை எந்த அமைப்பிலும் உதவாது, முன்னால் இன்னொரு சிறு திரை வேண்டும். படகுக்குள் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பின் தானியங்கி ஆளிக்கான வயரை, ஃபியூஸ் ஒன்றோடு நேரே பற்றரியில் கொடுங்கள், கொன்சோல் ஆளிகள் எல்லாம் அணைந்திருந்தாலும் அது வேலைசெய்ய வேண்டும்.

புதிதோ பழையதோ, பணம் கொடுக்க முன் தண்ணீரில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். கண்ணாடி போல் கிடக்கும் காலையில் போகாதீர்கள், கொஞ்சம் காற்றுள்ள பின்னேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பாதுகாப்பு ஆளியின் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொண்டு, முதலில் தனியே ஓட்டுங்கள், படகு எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். பிறகு ஆளை ஏற்றி ஓட்டுங்கள். காற்றை வலப்பக்க அணியத்தில் வாங்கி ஒருமுறை, இடப்பக்கத்தில் வாங்கி ஒருமுறை. சைட் கொன்சோலில் ஒரு திசையில் நீங்கள் நனைவீர்கள், மற்றத் திசையில் கூட வந்தவர் நனைவார். பிறகு மோட்டரை நிறுத்தி, படகை அலையில் மிதக்கவிட்டு, இருவரும் ஆளுக்கொரு தடியோடு முன்னும் பின்னும் நடந்து பாருங்கள். நங்கூரத்தை அணியத்துக்குக் கொண்டுபோய் இறக்கி ஏற்றுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். இலையுதிர் காலத்தில், படகை மூடிக் குளிர்காலத்துக்கு வைக்க வேண்டிய நேரம் நெருங்கும்போது, அதே படகின் விலை பெரும்பாலும் இறங்கியிருக்கும்.